ஆறு வருடமாக ஒரு தெர்மிஸ்டர் ரிலேயுடன்

எங்கள் நூற்பாலையில் ரிங் பிரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரத்தை ஓட்டும் 20 எச்பி மோட்டார் ஒன்று எரிந்துபோனது. காயில் கட்டும் கடையில் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு ஃபேஸின் காயில்கள் மட்டும் கரியாகியிருந்தன. மற்ற இரண்டிலும் வார்னிஷ் மினுமினுப்புகூடப் போகவில்லை. மூன்று காயில் தொகுதிகளையும் முக்கோணமாக இணைக்கும் டெல்டா இணைப்பில் ஒரு ஃபேஸ் வராமல் ஓடியதற்கு அதுதான் அடையாளம்.

கரண்ட் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே இருந்தும் ஏன் விழவில்லை? அதன் குமிழ் 28 ஆம்பியரில் நின்றது. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 28 என்று இருந்ததைப் பார்த்து நான்தான் அப்படி வைத்திருந்தேன். மோட்டாரை ஸ்டார் இணைப்பில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் அந்த ரிலே வழியாகப் போவது லைன் கரண்டில் 58 சதவீதம்தான். 16-இல் வைத்திருக்க வேண்டும். உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள்.

மறுபடி காயில் கட்டும்போதே ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று பிடிசி தெர்மிஸ்டர்களை (சூட்டை உணரும் சிறு உறுப்புகள்) உள்ளே வைத்துக் கட்டச் சொன்னேன். ஃபேஸ் விட்டாலும், ஃபேஸ் வரிசை மாறினாலும், காயில் சூடு மீறினாலும் நிறுத்துகிற எலக்ட்ரானிக் ரிலேயை ஸ்டார்ட்டரில் பொருத்தினோம்.

அதன் அருமை ஒரு சித்திரை மாத இரவில்தான் புரிந்தது. மோட்டார் நின்றுவிட்டது. ரீசெட் செய்தால் சற்று நேரம் ஓடி மறுபடி நின்றது. கிளாம்ப் மீட்டரில் 25 ஆம்பியர். மூன்று ஃபேஸும் சமம். ரிலேதான் கெட்டுவிட்டது, நேராக இணைத்து ஓட்டலாம் என்றார் ஷிப்டில் இருந்தவர். நான் விடவில்லை. பின்பக்கம் போய் ஃபேன் கவரைப் பார்த்தால், பஞ்சு கம்பளிபோல் காற்றுத் துளைகளை மூடியிருந்தது. விரலால் இழுத்ததும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்று அடைபட்டால் கரண்ட் அதிகமாகாது, சூடு மட்டும் ஏறும். கரண்டை மட்டும் பார்க்கும் ரிலேக்கு அது தெரியவே தெரியாது.

குறையும் உண்டு. தெர்மிஸ்டர் ஒயர் அதிர்வில் தளர்ந்து, இரண்டு முறை காரணமில்லாமல் நிறுத்தியது. ஒயர் நுனியில் லக் என்ற உலோக முனை அடித்து இறுக்கிய பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. பேரிங் தேய்மானத்தையும் இது சொல்லாது. அதற்குக் காதும், அளவான கிரீஸும்தான். கிரீஸை அளவுக்கு மேல் திணித்தாலும் பேரிங் சூடாகும்.

இப்போது ஷிப்டுக்கு ஒரு முறை ஃபேன் கவரைத் துடைக்கிறோம். ரிலே பொருத்திய பிறகு அந்த மோட்டாருக்கு இதுவரை மறுபடி காயில் கட்டவில்லை. பக்கத்து நான்கு பிரேம்களில் இன்னும் பழைய ரிலேதான். அவற்றின் குமிழ்களை 16-க்கு மாற்றிவிட்டேன், தெர்மிஸ்டருக்கு அனுமதி கேட்டிருக்கிறேன்.