உடுவில் மகளிர் கல்லூரி விடுதி: ஒரு மதிப்புரை

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது, 1824இல் தொடங்கப்பட்ட அதுவே ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்பதைத்தான். பிள்ளையை விடுதியில் விட எண்ணும் பெற்றோருக்கு அந்தப் பெருமையைவிட, இவ்விடுதி இருநூறு ஆண்டுகளில் குடும்பங்களிடம் என்ன கேட்டது, பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தது என்ற கணக்கே கூடுதலாகப் பயன்படும்.

அமெரிக்கக் கிறிஸ்தவ சமயப் பரப்பாளர்களின் அமைப்பான அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ இதைத் தொடங்கியபோது, பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்பதே ஊரின் கேள்வியாக இருந்தது. மிஷன் வீட்டுக்கு விளையாட வந்த இரு சிறுமிகள் கடும் மழையில் அங்கேயே தங்க நேர்ந்து, பசி தாளாமல் பாணும் வாழைப்பழமும் வாங்கி உண்டார்கள் என்றும், அந்நியர் கையால் உண்டதால் சாதி கெட்டது என்று சினந்த பெற்றோர், இனி நீங்களே வைத்துப் படிப்பியுங்கள் என்று விட்டுச் சென்றார்கள் என்றும் மிஷனார் எழுதி வைத்திருக்கிறார்கள். கதை சற்று மெருகேறியிருக்கலாம். ஆனால் அன்று பெண் கல்விக்கு எதிராக நின்ற தடைகளில் சோறும் ஒன்று என்பதை அது சரியாகவே காட்டுகிறது.

தொடக்க கால நிபந்தனைகள் இன்று வாசிப்பவரைத் திகைக்க வைக்கும். உணவு, உடை, படிப்பு எல்லாம் இலவசம்; அதற்கு ஈடாக, படிப்பு முடியும் வரை அல்லது திருமணம் ஆகும் வரை மகளை மிஷனின் பொறுப்பில் விடுவதாகப் பெற்றோர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். திருமணத்தின்போது மிஷனே சீதனமும் கொடுத்தது. 1823இல் மிஷன் ஆண்களுக்காகத் தொடங்கிய உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டை செமினரியில் படித்த இளைஞர்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டும் என்பது மிஷனின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. மதமாற்றத்தையும் கல்வியையும் பிரித்துப் பார்க்காத இந்த ஏற்பாட்டை என்னால் முழுமனதாகப் பாராட்ட முடியவில்லை. எனினும் வேறெந்த வாசலும் திறக்காத காலத்தில் எழுத்தறிவை ஒரு பெண்ணின் கைக்குக் கொண்டுசேர்த்த வாசல் அது என்பதையும் மறுக்க முடியாது.

விடுதியின் தரத்தை நிலைநாட்டியவர் என்று ஒருவரைச் சொன்னால், அமெரிக்க மிஷனரியான எலைசா அக்னியூவைத்தான் சொல்வேன். 1840இல் வந்த அவர், 1883இல் மானிப்பாயில் இறக்கும் வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகப் பொறுப்பில் இருந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் படிப்பித்தார். தொடக்க மாணவிகளின் மகள்களும் பேத்திகளும் அவரிடமே வந்து சேர்ந்தனர். ஒரு விடுதியை நம்பலாமா என்பதற்கு, அங்கே வளர்ந்தவள் தன் மகளையும் அங்கேயே அனுப்புகிறாளா என்பதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

குறை என்று பார்த்தால், தலைமைப் பொறுப்பை உள்ளூரவரிடம் ஒப்படைக்க மிகவும் தாமதித்தார்கள். தமிழ்ப் பெண்களுக்காகவே தொடங்கிய பாடசாலையில் ஒரு தமிழ்ப் பெண் அதிபராவதற்கு 1940களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1960களின் தொடக்கத்தில் இலங்கை அரசு, உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது உடுவில் தனியார் பாடசாலையாகவே நின்றது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் கீழ் இயங்குகிறது. கிறிஸ்தவ நிறுவனம் என்பதை அது ஒருபோதும் மறைத்ததில்லை; சைவக் குடும்பங்கள் அதை முன்கூட்டியே மனத்தில் கொள்வது நல்லது. ஒழுங்கும் நீண்ட மரபும் வேண்டுவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பழம்பெயரை மட்டும் நம்பிச் சேர்க்காமல், விடுதிக் கட்டணம், வீட்டுக்கு அனுப்பும் ஒழுங்கு, இரவில் பொறுப்பாக இருப்பவர் யார் என்பவற்றை நேரில் கேட்டறிந்து, முடிந்தால் அண்மையில் படித்து வெளியேறிய மாணவி ஒருவரோடும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.