ஆறு வருஷமா வீட்டுலயே முடி அயர்ன் பண்றேன்: ரெண்டு செராமிக் ஸ்ட்ரெய்ட்னரோட என் அனுபவம்

2019 தீபாவளி ஆஃபர்ல 1,150 ரூபாய்க்கு மொத ஸ்ட்ரெய்ட்னர் வாங்கினேன். என் முடி முழு சுருட்டையும் இல்ல, நேர் முடியும் இல்ல, இடுப்புக்கு கொஞ்சம் மேல வரைக்கும் அலை அலையா இருக்கும், தலைக்கு குளிச்சு காய வெச்சா நெத்திப் பக்கம் மட்டும் பறந்துட்டு நிக்கும். பார்லர்ல ஒரு தடவ அயர்ன் பண்ணவே 300 ரூபா கேட்டாங்க, மருந்து போட்டு நேராக்குறதுன்னா ஆயிரக்கணக்குல போகும், அதுக்கு இது எவ்வளவோ மேல்னு வாங்கிட்டேன். இப்போ கையில இருக்கிறது ரெண்டாவது. ரெண்டுமே விலை குறைஞ்ச மாடல்தான், அதனால விளம்பரம் சொல்றத விட்டுட்டு இத்தன வருஷத்துல நான் பாத்தத எழுதுறேன்.

மொத மெஷின்ல சூடு கூட்ட குறைக்க பட்டனே கிடையாது. ஆன் பண்ணா ஒரு நிமிஷத்துல 210 டிகிரி, அவ்வளவுதான். வாங்குறப்ப அது ஒரு குறைன்னே எனக்கு தெரியல, சீக்கிரம் சூடாகுதேன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வாரம் ஆபீஸுக்கு லேட்டாயிடுச்சு, முடி மேல காஞ்ச மாதிரி இருந்துச்சு, உள்ள ஈரம், அப்படியே எடுத்து வெச்சு இழுத்தேன். தாளிக்கிறப்ப கடுகு பொரியுமே அந்த மாதிரி "சுர்"னு ஒரு சத்தம், கூடவே வெள்ளையா புகை. அடுப்படியில இருந்து அம்மா ஓடி வந்து "ஏண்டி, யாரு வீட்டுல கோழி வாட்றாங்க"ன்னு கேட்டாங்க. அம்மா மூக்கு சரியாத்தான் சொல்லிச்சு, கோழி றெக்கையும் நம்ம முடியும் கெரட்டின்ங்கிற ஒரே வகை புரதம்தான், கருகினா அதே வாடைதான் வரும். ஈர முடியில சூடு வெச்சா உள்ள இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாகி முடிக்குள்ளயே குமிழ் குமிழா வெடிக்கும், அந்த இடத்துல முடி ஒடிஞ்சு போகும். அன்னைக்கு நான் இழுத்த அந்த ஒரு பிடி முடி ரெண்டு மாசத்துல காதுக்கிட்ட துண்டு துண்டா உடைஞ்சுச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு.

செராமிக், அதாவது பீங்கான் மாதிரி பொருள், இந்த வார்த்தைய பத்தி ஒண்ணு சொல்லணும். இந்த விலையில வர்ற பெரும்பாலான மெஷின்ல தட்டு முழுசா செராமிக் கிடையாது, உள்ள அலுமினியம், மேல மெல்லிசா செராமிக் பூச்சு. சிலதுல உள்ள இருக்கிற ஹீட்டர் மட்டும் செராமிக், அதுக்கும் டப்பால செராமிக்னுதான் போடுவாங்க. பூச்சுனால நல்லது இல்லாம இல்ல, முடி வழுக்கிட்டு போகும், பிடிச்சு இழுக்காது, சூடும் ஓரளவு சமமா பரவும். ஆனா பூச்சு இருக்கிற வரைக்கும்தான் அந்த சொகுசு. எனக்கு ஒன்றரை வருஷத்துல வலது தட்டோட ஓரத்துல கடுகு அளவுக்கு பேந்து போச்சு, அதுக்கு காரணம் நான்தான், முடிக்கு தடவுற சீரம் கருகி பழுப்பா ஒட்டியிருந்தத பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் போட்டு தேய்ச்சேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு இழுப்புலயும் ரெண்டு முடி அந்த இடத்துல மாட்டிக்கிட்டு பிய்ஞ்சு வரும். இப்போ மெஷின் நல்லா ஆறின பிறகு ஈரத்துணியால மட்டும்தான் துடைக்கிறேன், ரொம்ப பிசுக்கா இருந்தா பஞ்சுல கொஞ்சம் ஸ்பிரிட்.

கடையில வாங்குறவங்க இன்னொண்ணும் பாருங்க. தட்டு ரெண்டையும் மூடி ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா நடுவுல கோடு மாதிரி வெளிச்சம் தெரியக்கூடாது. தெரிஞ்சா தட்டு சரியா சேரலன்னு அர்த்தம், ஒரே இடத்த நாலு தடவ இழுக்க வேண்டி வரும், முடி கெடுறதே அந்த நாலு தடவ சூட்டுலதான். டூர்மலின், அயனிக், கெரட்டின்னு என்னென்னமோ போட்டிருப்பாங்க, என்னோட ரெண்டாவதுல அதுல ரெண்டு இருக்கு, எனக்கு பெருசா வித்தியாசம் தெரியல, தட்டு சேர்ற விஷயத்துலதான் நல்லாவே தெரிஞ்சுது.

முடி எவ்வளவு கெட்டிருக்குன்னு எனக்கு லாக்டவுன்லதான் புரிஞ்சுது. 2020 மார்ச்ல வீட்டுல உக்காந்ததும் அயர்ன் பண்ற வேலையே இல்ல, மூணு மாசம் தொடவே இல்ல. புதுசா வளந்த முடி அலையா வருது, பின்னாடி முடியும் அலையா இருக்கு, முன்னாடி ரெண்டு பக்கமும் மட்டும் தொங்கிப்போய் நாரு மாதிரி, நுனி செம்பட்டையா, ஒவ்வொண்ணும் ரெண்டா வெடிச்சு. எத்தன தடவ தலைக்கு குளிச்சாலும் அந்த முடிக்கு அலை திரும்பல. தினமும் ஆபீஸ் போறப்ப அவசரத்துக்கு முன்னாடி மட்டும் இழுத்துட்டு போனேன்ல, அது அப்படியே கணக்கா தெரிஞ்சுது. நாலு இன்ச் வெட்டினேன். வெந்த முடி திரும்ப வராதுங்க, எண்ணெய் மாஸ்க் எதுக்கும் சரியாகாது, வெட்டத்தான் வேணும்.

அதுக்கப்புறம் வழக்கத்தையே மாத்திட்டேன். வாரத்துக்கு ஒரு தடவதான், ஞாயித்துக்கிழமை சாயங்காலம், தலைக்கு குளிச்சு ஃபேன்ல நல்லா காய வெச்ச பிறகு. மொத நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் வெச்சிருந்தா அத முழுசா அலசி எடுத்தாதான், எண்ணெய் முடியில தட்டு பட்டா புகையும் பிசுக்கும்தான் மிச்சம். எங்க ஏரியா போர் தண்ணி உப்பு, அதனால கடைசி ரெண்டு சொம்பு மட்டும் மெட்ரோ வாட்டர், அதான் சென்னை குழாய் தண்ணி. காஞ்ச முடியில ரெண்டு மூணு சொட்டு சீரம், டைமெத்திகோன் மாதிரி சிலிக்கோன் சேத்தது, அது முடி மேல ஒரு படலம் மாதிரி இருந்து சூடு உள்ள இறங்கறத மெதுவாக்கும், சுத்தமா தடுத்துடாது. முடிய நாலா பிரிச்சு க்ளட்ச் கிளிப் போட்டு, ரெண்டு விரல் அகலத்துக்கு ஒவ்வொரு பிரியா எடுத்து, சீப்பு முன்னாடி போக அயர்ன் பின்னாடியே வரணும், நிக்காம ஒரே இழுப்பு. இந்த சீப்பு வித்தை தெரிஞ்ச பிறகு ரெண்டாவது இழுப்பே தேவைப்படல. ஆரம்பத்துல ஒரு மணி நேரம் ஆகும், இப்போ முப்பத்தஞ்சு நிமிஷம்.

நேரா எவ்வளவு நேரம் நிக்கும்னு கேப்பீங்க. சென்னையில இது கஷ்டமான கேள்வி. முடி வேகாத அளவு சூடுன்னா, அயர்ன் முடிக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புங்கிற லேசான இணைப்ப மட்டும்தான் தற்காலிகமா மாத்தும், ஈரம் பட்டா அது பழையபடி ஆயிடும், பார்லர் மருந்து மாதிரி உள்ள இருக்கிற டைசல்ஃபைடு பிணைப்புங்கிற உறுதியான இணைப்ப மாத்தாது. பிப்ரவரியில மூணு நாள் அழகா நிக்கும். மே மாசம் வேர்வையில ஒன்றரை நாள். அக்டோபர் நவம்பர் மழையில வேளச்சேரில பறக்கும் ரயில் ஏறுறப்ப நேரா இருக்கிற முடி திருமயிலை வர்றதுக்குள்ள காதோரம் வளைய ஆரம்பிச்சு சிந்தாதிரிப்பேட்டைல இறங்கறப்ப பழைய அலை. இதுக்கு 1,000 ரூபா மெஷினும் ஒண்ணுதான் 10,000 ரூபா மெஷினும் ஒண்ணுதான், காத்துல இருக்கிற ஈரத்த எந்த தட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, அதனால மழைக்காலத்துல நான் பின்னல்தான்.

மொத மெஷின்ல 2021ல வயர் கைப்பிடியோட சேர்ற இடத்துல கரண்ட் விட்டு விட்டு வர ஆரம்பிச்சுது. சூடா இருக்கிறப்பவே வயர கைப்பிடியில இறுக்கி சுத்தி வெக்கிறது என் பழக்கம், உள்ள கம்பி ஒடிஞ்சிருக்கு. வாரண்டி இருந்தும் சர்வீஸ் சென்டர்ல பில் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ஆன்லைன்ல வாங்குறவங்க பில்ல டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க. தெருமுனை மிக்ஸி ரிப்பேர் அண்ணன் 80 ரூபாய்க்கு வயர வெட்டி மறுபடி சேத்துக் குடுத்தார், அதுல இன்னும் பத்து மாசம் ஓடுச்சு.

ரெண்டாவது 2022 ஜூன்ல, 2,100 ரூபா, 130ல இருந்து 230 வரைக்கும் சூடு மாத்தலாம். இந்த ஒரு பட்டனுக்காகவே கூடுதல் காசு குடுக்கலாம்னு நான் மனசார சொல்வேன். என் முடிக்கு 170 போதும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, கிட்டத்தட்ட மூணு வருஷம் 210ல வாட்டியிருக்கேன். அக்கா பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு "சித்தி, எனக்கும் போட்டு விடு"ன்னு வந்தா, அவளுக்கு பூ மாதிரி முடி, 150ல வெச்சு ஒரே இழுப்பு, வழவழன்னு இறங்கிருச்சு. பழைய மெஷின் மட்டும் இருந்திருந்தா அவ தலையில வெச்சிருக்கவே மாட்டேன்.

இதுல தட்டுப் பூச்சு இன்னும் பேந்து போகல, இடது கீல் மட்டும் கொஞ்சம் ஆடுது. இதுல இல்லாத ஒண்ணு தானா ஆஃப் ஆகறது. போன மாசம் ஒரு நாள் பெருங்குடி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு, ஆஃப் பண்ணோமான்னு சந்தேகம் வந்து, அம்மா ஊருக்கு போயிருந்தாங்க, வீட்டுல யாரும் இல்ல, எதிர் ரயில் பிடிச்சு திரும்பி ஓடி வந்தேன். ப்ளக் கழட்டித்தான் இருந்துச்சு, மெஷின் மெத்தை மேல கிடந்துச்சு, தொட்டுப் பாத்தா இன்னும் லேசா வெதுவெதுப்பு. அடுத்ததுல ஆட்டோ ஆஃப் இல்லன்னா வாங்க மாட்டேன்.