இரு நாடா, ஒரே நாடா, கூட்டமைப்பா: இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ஒருவரை ஒருவர் ஏற்க எது வழி?

1993 செப்டம்பர் 9 தேதியிட்டு, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அராஃபத், இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமைதியாகவும் பாதுகாப்பாகவும் நிலைத்திருக்க இஸ்ரேலுக்கு உள்ள உரிமையைப் பாலஸ்தீன விடுதலை இயக்கம் ஏற்கிறது, ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242, 338 தீர்மானங்களை (1967 போரில் பிடித்த நிலத்திலிருந்து இஸ்ரேல் விலகுவது, பதிலுக்கு அமைதி என்பவை) ஏற்கிறது, பயங்கரவாதத்தைக் கைவிடுகிறது, இஸ்ரேலை மறுக்கும் இயக்கத்தின் சாசனப் பிரிவுகள் இனி செல்லாது. இப்படிப் பத்தி பத்தியாகப் போகும் கடிதம் அது. ராபினின் பதில் ஒரே வாக்கியம்தான்: உங்கள் உறுதிமொழிகளின் அடிப்படையில், உங்கள் இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்றுப் பேச்சுவார்த்தை தொடங்க முடிவு செய்திருக்கிறோம். பாலஸ்தீன நாடு என்ற பேச்சே அதில் கிடையாது.

ஒரு பக்கம் ஒரு நாட்டை ஏற்றது. மறுபக்கம் ஓர் அமைப்பை ஏற்றது. இந்தக் கடிதங்களோடு சேர்ந்து வந்த அமைதி ஒப்பந்தமான ஒஸ்லோ உடன்பாடு முறிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. 1994 பிப்ரவரியில் மேற்குக் கரையின் ஹெப்ரான் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றதும், பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்களும், 1995 நவம்பரில் யூதத் தீவிரவாதி ஒருவரால் ராபினே கொல்லப்பட்டதும் அவற்றில் சில. ஆனால் அடித்தளத்திலேயே இருந்த இந்தச் சாய்வைத்தான் நான் முதல் காரணமாகப் பார்க்கிறேன். அதனால் இன்று பேசப்படும் மூன்று வழிகளையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: இதில் யார் யாரை, என்னவாக ஏற்க வேண்டியிருக்கும்?

முதலில் இரு நாட்டுத் தீர்வு. உலகம் அதிகம் ஆதரிப்பது இதைத்தான். 1988 நவம்பரில் அல்ஜியர்ஸில் பாலஸ்தீன நாடு அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே இந்தியா அதை ஏற்றது. பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் 2025 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தன. ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளில் 150க்கும் மேற்பட்டவை இப்போது பாலஸ்தீனத்தை ஏற்கின்றன. ஏற்க வேண்டிய அண்டை நாடான இஸ்ரேலோ ஏற்கவில்லை. 2024 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் பாலஸ்தீன நாடு அமைவதையே எதிர்த்து 68க்கு 9 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது.

இந்த வழியின் பலம், இரண்டு மக்களுக்கும் சொந்தக் கொடி, சொந்த அரசு என்று அது தெளிவாகச் சொல்வது. பழைய பாலஸ்தீன நிலப்பரப்பில் சுமார் 22 சதவீதத்தில் தங்கள் நாட்டை அமைத்துக்கொள்ள விடுதலை இயக்கம் சம்மதித்தது சின்ன விட்டுக்கொடுப்பு அல்ல. சிக்கல் தரையில் இருக்கிறது. ஒஸ்லோ சமயத்தில் கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த யூதக் குடியேறிகள் இன்று சுமார் 5 லட்சம். 2005இல் காசாவிலிருந்து எட்டாயிரம் சொச்சம் பேரை வெளியேற்றவே இஸ்ரேல் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. நிலப் பரிமாற்றம் செய்தாலும், உள்ளே தள்ளி இருக்கும் குடியேற்றங்களை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் நாப்லஸ் பக்கம் பலாட்டா அகதி முகாம் இருக்கிறது. கால் சதுர கிலோமீட்டர் நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டிய சந்துகள். அங்கே பல குடும்பங்களின் பூர்வீகம் இன்று இஸ்ரேலில் இருக்கும் யாஃபா பகுதி. நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்தான். அதே போல, மத நம்பிக்கையுள்ள யூதருக்கு ஹெப்ரான் என்பது ஆபிரகாம் அடக்கமான ஊர். வேலி போட்டுப் பிரித்தால் பாலஸ்தீனருக்கு யாஃபாவும் யூதருக்கு ஹெப்ரானும் வெளிநாடு. அரசியல் கணக்கு தீரலாம், மனசுக் கணக்கு தீராது.

அப்புறம், ஒரே நாடு. ஜோர்டான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே இன்று ஏறக்குறைய 70 லட்சம் யூதர்கள், 70 லட்சம் பாலஸ்தீனர்கள். எல்லோருக்கும் ஒரே ஓட்டு, ஒரே சட்டம். 1999இல் பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சையித் இதை வெளிப்படையாக ஆதரித்து எழுதினார். நியாயம் என்ற அளவில் இதைவிட நேரான யோசனை கிடையாது. மேற்குக் கரையில் பாலஸ்தீனருக்கு ராணுவச் சட்டம், பக்கத்திலேயே குடியேறிக்கு இஸ்ரேலின் குடிமைச் சட்டம் என்ற இன்றைய நிலையைப் பார்க்கிற எவருக்கும் இதன் கவர்ச்சி புரியும்.

ஆனால் என் கேள்விக்கு இது தோற்றுப்போகிறது. தனி மனிதர்களை ஏற்கிறது, இரண்டு தேசங்களையும் ஏற்கவில்லை. துரத்தப்பட்டும் கொல்லப்பட்டும் வந்த ஒரு மக்கள் தங்கள் அரசைக் கலைக்கச் சம்மதிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொந்த நாட்டுக்காகப் போராடிய பாலஸ்தீனரும் அதை எளிதில் விட மாட்டார்கள். நாட்டில் தேசியச் சுயநிர்ணய உரிமை யூதர்களுக்கு மட்டுமே என்று 2018இல் அடிப்படைச் சட்டம் இயற்றிய இஸ்ரேலில், ஒரே நாடு என்பது நடைமுறையில் இன்றைய ஏற்றத்தாழ்வு நிரந்தரமாவதாகத்தான் முடியும்.

மூன்றாவது, கூட்டமைப்பு. இதைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. 2012இல் இஸ்ரேலியப் பத்திரிகையாளர் மெரோன் ராப்போபோர்ட்டும் அராஃபத்தின் கட்சியான ஃபத்தாவின் செயற்பாட்டாளர் அவ்னி அல்-மஷ்னியும் தொடங்கிய இயக்கம் முன்வைப்பது இதைத்தான்: 1967 போருக்கு முந்தைய எல்லையில் இரண்டு முழு நாடுகள், நடுவே திறந்த எல்லை, இருவருக்கும் பொதுவான ஜெருசலேம். குடியுரிமை ஒரு நாட்டில், குடியிருப்பது இன்னொரு நாட்டில் என்று இருக்கலாம். ஹெப்ரானில் இருக்க விரும்பும் யூதர் பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருக்கலாம், ஓட்டு இஸ்ரேலில். யாஃபாவில் குடியேறும் பாலஸ்தீனருக்கும் அதே விதி. ஒஸ்லோவின் சிற்பிகளில் ஒருவரான யோசி பெய்லினே 2022இல் பாலஸ்தீன வழக்கறிஞர் ஹிபா ஹுசைனியோடு சேர்ந்து இதை ஒட்டிய ஒரு திட்டத்தை வெளியிட்டார். பாலஸ்தீன நாட்டிலேயே தங்கும் யூதக் குடியேறிகளின் எண்ணிக்கைக்கு ஈடாகப் பாலஸ்தீனர் இஸ்ரேலில் குடியேறலாம் என்கிறது அது.

மூன்றில் நான் சாய்வது இதன் பக்கம்தான். 'உனக்கு ஒரு நாடு உண்டு' என்பதோடு, 'முழு மண்ணிலும் உனக்குச் சொந்தம் உண்டு' என்றும் இரு தரப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1993 கடிதங்களில் விடுபட்டது அதுதான். ஆனால் பாலஸ்தீன நாடு முதலில் உண்மையாக அமைந்தால்தான் இதற்குப் பொருள். அது இல்லாமல் கூட்டமைப்பு என்றால், ஆக்கிரமிப்புக்குப் புதுப் பெயர். 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்ட பிறகு திறந்த எல்லை என்று சொன்னாலே இஸ்ரேலியர் நடுங்குகிறார்கள். அதைத் தொடர்ந்த போரில், காசா சுகாதார அமைச்சகக் கணக்கில் 70,000 பேருக்கு மேல் பறிகொடுத்தவர்களிடம் 'பக்கத்து வீட்டுக்காரராக இரு' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே எல்லை முதல் நாளே திறக்காது. ஆண்டுக்கணக்கில் படிப்படியாகத்தான் திறக்கும்.

சரி, கையெழுத்துப் போடுவது யார்? இஸ்ரேல் நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் 2023 மார்ச்சில் பாரிஸில் நின்று, பாலஸ்தீன மக்கள் என்று ஒன்று கிடையாது என்றார். ஹமாஸ் 2017 ஆவணத்தில் 1967 எல்லையில் நாடு அமைவதை ஏற்றாலும் இஸ்ரேலை ஏற்கவில்லை. பாலஸ்தீனத்தில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது கடைசியாக 2006 ஜனவரியில். மூன்று வழிகளில் எதை எடுத்தாலும், காசாவும் மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் சேர்ந்து ஓட்டுப்போடும் ஒரு தேர்தல்தான் அடுத்த வேலை. அதற்கு இடம் கொடுக்க வேண்டிய முதல் பொறுப்பு, அந்த மண்ணைக் கையில் வைத்திருக்கும் இஸ்ரேலுடையது.