கூச்சம் போக டோஸ்ட்மாஸ்டர்ஸ் உதவுமா?

முன்பின் தெரியாதவரிடம் பேச நா எழாதவர்கள் யோசனை கேட்டால், பலரும் கைகாட்டுவது டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகத்தை. 1924 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு இது. ஆசிரியர் கிடையாது, தேர்வு கிடையாது. உறுப்பினர்களே பேசி, ஒருவரையொருவர் மதிப்பிட்டுக்கொள்கிறார்கள். மேடைப் பேச்சு பழக இது அருமையான இடம். கூச்சம் போகவும் உதவும், ஆனால் அதற்குச் சேருகிறவர் மேடையை மட்டும் நம்பியிருந்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

முதலில் விருந்தினராகப் போங்கள். பெரும்பாலான கழகங்கள் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கூட்டம் தொடங்கக் கால் மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. தாமதமாக நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கூச்சக்காரருக்கு அதுவே போதும், அடுத்த வாரம் வராமலிருக்க. "இன்னைக்குப் பார்க்க மட்டும் வந்திருக்கேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டால் யாரும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தினால் அந்தக் கழகம் உங்களுக்கு வேண்டாம்.

சேர்ந்தபின் முதல் பொறுப்பாக, பேசுகிறவர்களின் நேரத்தைக் கணக்கிட்டு வண்ண விளக்கோ அட்டையோ காட்டும் டைமர் வேலையைக் கேட்டு வாங்குங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு எப்போது காட்டப்படும் என்று தொடக்கத்தில் அரை நிமிடம் விளக்க வேண்டும். முடிவில் யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று வாசிக்க வேண்டும். சொல்ல வேண்டியது முன்பே தெரியும், கையில் தாள் இருக்கும், கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொள்ளலாம். நிரப்புச் சொற்களை எண்ணும் ஆ-கவுண்டர் வேலையை எடுத்த எடுப்பில் ஏற்க வேண்டாம். பிறருடைய "வந்து", "அதாவது", "பார்த்தீங்கன்னா" எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தால், தன் பேச்சில் அவை வந்துவிடுமோ என்ற பயம் புதிதாக முளைக்கும்.

ஐஸ் பிரேக்கர் எனப்படும் அறிமுகப் பேச்சு 4 முதல் 6 நிமிடம். 4 நிமிடத்தில் பச்சை, 5இல் மஞ்சள், 6இல் சிவப்பு. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்வது. ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது, பிறகு மௌனம்தான். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனத்தில் நிறுத்துங்கள். நடுவே சொல்லப்போகும் மூன்று செய்திகளுக்கும் தலா ஒரு சொல்லாக ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

அந்நியரிடம் பேசுவதற்கு அருகில் வரும் பயிற்சி டேபிள் டாபிக்ஸ். எதிர்பாராத கேள்வி, 1 முதல் 2 நிமிடப் பதில். பலர் இருபது விநாடியில் நின்றுபோவதற்குக் காரணம், சரியான பதிலைத் தேடுவது. இங்கே சரி, தவறு கிடையாது. கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொன்னால் யோசிக்கச் சில விநாடி கிடைக்கும். ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து, அதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். பச்சை தெரிந்தால் குறைந்தபட்ச நேரம் முடிந்தது என்று பொருள்; அங்கேயே நன்றி சொல்லி உட்காரலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச முடியாதவர்கள் உண்டு. காரணம் எளிது. கழகத்தில் உங்கள் முறை வரும்போது எல்லோரும் அமைதியாகக் கேட்கிறார்கள், முடித்ததும் கைதட்டுகிறார்கள். வெளியே யாரும் முறை ஒதுக்குவதில்லை. போதாததற்கு, இரண்டு மூன்று மாதத்தில் அறையிலுள்ள முகங்கள் எல்லாம் பழகிவிடுகின்றன. கூச்சம் அந்த அறைக்குள் மட்டும் தீர்கிறது.

இதற்கு மருந்து கழகத்துக்குள்ளேயே இருக்கிறது, அதிகம் பேர் எடுத்துக்கொள்வதில்லை. சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ் என்ற பொறுப்பாளர்தான் நாற்காலி போட்டு, வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பவர். அவருக்கு உதவியாளாக நிற்கிறேன் என்று கேளுங்கள். "வாங்க, முதல் முறையா வர்றீங்களா?", "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று இரண்டு கேள்வி, பிறகு ஒரு பழைய உறுப்பினரிடம் அறிமுகம் செய்துவிட்டு விலகிவிடலாம். எதைச் சாக்கிட்டுப் பேசுவது என்ற திணறல் இல்லை, பொறுப்பே சாக்கு. உரையாடல் ஒரு நிமிடத்தில் முடிகிறது, அடுத்த புதியவர் வருகிறார், மறுபடி முதலிலிருந்து. இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் பயம் தேய்கிறது. கூட்டம் முடிந்ததும் நழுவிவிடாமல் தேநீர் நேரத்தில் நிற்பதும், மாதம் ஒருமுறை வேறு கழகத்துக்கு விருந்தினராகப் போவதும் இதே வேலையைச் செய்யும்.

மதிப்பீட்டில் ஒரு குறை. புதியவர் மனம் நோகக் கூடாதென்று மதிப்பீட்டுக்கான 2, 3 நிமிடமும் பாராட்டியே தீர்த்துவிடுகிறார்கள். பேசுவதற்கு முன்பே மதிப்பீட்டாளரிடம் ஒரு குறிப்பைக் கொடுங்கள்: "நான் ஆளைப் பார்த்துப் பேசினேனா, சுவரைப் பார்த்தா?" பதில் உருப்படியாக வரும்.

மொழியையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத் தயக்கமும் ஆள் தயக்கமும் வேறு வேறு; இரண்டையும் ஒரே மேடையில் சுமக்காதீர்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் தமிழிலேயே நடக்கும் கழகங்கள் உண்டு. ஆட்களைத் தவிர்ப்பதற்காகப் படிப்பையோ வேலையையோ விடும் அளவுக்குப் பயம் இருந்தால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். அதற்குக் கழகம் மாற்றாகாது.

தலைமையகச் சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதியவருக்குச் சேர்க்கைக் கட்டணம் 20 டாலர். சில கழகங்கள் தங்கள் செலவுக்கு மேலும் வாங்கும். தவணை ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. இடையில் சேர்ந்தால் மீதி மாதங்களுக்கு மட்டும் சந்தா. ஆகவே அவசரம் இல்லை. வெளியாருக்கு இடமில்லாத அலுவலகக் கழகங்களைத் தள்ளிவிட்டு, மூன்று கழகங்களைப் பாருங்கள். எங்கே விருந்தினர் தனியாக உட்கார விடப்படவில்லையோ, அங்கே பணத்தைக் கட்டுங்கள்.