திரை ஏன் அணையவில்லை? காரணம் காட்டும் பவர்சிஎஃப்ஜி: ஒரு மதிப்புரை

பத்து நிமிடத்தில் மானிட்டர் அணைய வேண்டும் என்று விண்டோஸில் அமைத்துவிட்டு எழுந்து போனால், மதிய உணவு முடிந்து திரும்பும்போதும் அது எரிந்துகொண்டிருப்பது பலருக்கும் பழகிப்போன தொல்லை. தீர்வு தேடுவோர் முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுகிறார்கள், பிறகு பவர் பிளானை மாற்றிப் பார்க்கிறார்கள், ஒன்றும் நடக்காதபோது விண்டோஸையே மறுபடி போட்டுவிடுகிறார்கள். இவற்றில் எதிலும் கை வைப்பதற்கு முன், திரையை அணைய விடாமல் தடுப்பது எது என்று கணினியிடமே கேட்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸுடனேயே வரும் பவர்சிஎஃப்ஜி என்ற கருவிதான் அது. தனியாகப் பதிவிறக்க வேண்டியதில்லை, காசும் இல்லை. எக்ஸ்பி காலத்திலிருந்தே இருந்துவரும் இந்தக் கருவிக்கு, நமக்குத் தேவையான ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற கட்டளை 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-உடன் வந்து சேர்ந்தது. திரை உறங்க மறுக்கும் சிக்கலில் முதலில் எடுக்க வேண்டிய கருவி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

ஸ்டார்ட் மெனுவில், கட்டளை தட்டுவதற்கான கறுப்புப் பெட்டியான கமாண்ட் ப்ராம்ப்டைத் தேடி, வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறக்க வேண்டும். சாதாரணமாகத் திறந்தால் கருவி பதில் தர மறுத்துவிடும். பவர் என்ற சொல்லையும் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டை அடுத்து ரிக்வெஸ்ட்ஸ் என்று தட்டி எண்டர் அழுத்தினால் நொடிப்பொழுதில் ஒரு பட்டியல் வரும். டிஸ்ப்ளே, சிஸ்டம், அவேமோட், எக்ஸிக்யூஷன் என்று தலைப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும், அந்த நேரத்தில் கணினியை விழித்திருக்கச் சொல்லிக் கேட்டிருக்கும் நிரலின் பெயர் இருக்கும். யாரும் கேட்கவில்லை என்றால் ‘நன்’ என்ற ஒற்றைச் சொல் இருக்கும்.

பட்டியலைப் படிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் வருபவை கணினி உறங்குவதைத்தான் தடுக்கின்றன, திரை அணைவதை அல்ல. ரியல்டெக் ஆடியோ டிரைவரின் பெயரும், ஒலி ஓடிக்கொண்டிருப்பதாக ஒரு குறிப்பும் அங்கே அடிக்கடி தென்படும். அதைக் கண்டதும் குற்றவாளி கிடைத்துவிட்டதாக எண்ணி ஆடியோ டிரைவரோடு மல்லுக்கட்டுபவர்கள் ஏராளம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கணினி விழித்திருக்க வேண்டியது நியாயம்தான். திரை விழித்திருக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. மானிட்டர் அணையாததற்குக் காரணம் தேடுபவர் டிஸ்ப்ளே என்ற முதல் தலைப்பை மட்டும் பார்த்தால் போதும். அங்கே ஒரு பெயர் இருந்தால் அதுவே விடை.

அந்தப் பெயர் பெரும்பாலும் பிரவுசராகத்தான் இருக்கும். வீடியோ ஓடும்போது திரை அணையாமலிருக்க பிரவுசர் விண்டோஸிடம் கோரிக்கை வைக்கிறது. பட்டியலில் அதன் கோப்புப் பாதைக்குக் கீழே வீடியோ வேக் லாக் என்று காரணமும் எழுதப்பட்டிருக்கும். இது போதாதென்று, 2020-இல் வந்த குரோம் 84 முதல், வீடியோ எதுவும் இல்லாத இணையப் பக்கங்களும் திரையை எரிய வைக்கக் கேட்க முடியும். மாவு பிசைந்த கையோடு கைபேசித் திரையைத் தொட வேண்டாமே என்று சமையல் குறிப்புத் தளங்கள் சில இந்த வசதியைப் பயன்படுத்துகின்றன. நல்ல எண்ணம்தான். அந்த டேப் மறைந்ததும் கோரிக்கையும் தானாக விலகிவிடும். ஆனால் இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர் இரண்டாவது திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்தபடி விட்டுவிட்டால், டேப் மறையவே மறையாது, திரைகள் இரண்டும் விடிய விடிய எரியும். எங்கள் வீட்டு மேசைக் கணினியில் இப்படித்தான் நடந்தது. டிஸ்ப்ளேயின் கீழ் இருந்த ஒரே ஒரு வரி பிரவுசரைச் சுட்டியது. டேப்பை மூடிவிட்டு அதே கட்டளையை மீண்டும் கொடுத்ததும் அந்த வரி போய் ‘நன்’ வந்தது. அமைத்திருந்த நேரத்தில் இரண்டு மானிட்டர்களும் அணைந்தன. டிரைவரைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை.

பிரவுசருக்கு அடுத்தபடியாக வருபவை வீடியோ சந்திப்பு மென்பொருள்களும் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள அவேக் போன்ற துணைக்கருவிகளும். திரையை எரிய வைப்பதற்கென்றே நாமே நிறுவிவிட்டு மறந்துபோன கருவியின் பெயரும் பட்டியலில் வரக்கூடும்.

குற்றம் செய்யும் நிரலை மூட முடியாத நிலையும் உண்டு. அதற்கு ரிக்வெஸ்ட்ஸ்ஓவர்ரைடு என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. இன்ன நிரல் டிஸ்ப்ளே கோரிக்கை வைத்தால் பொருட்படுத்தாதே என்று விண்டோஸுக்கு அதன் மூலம் நிலையான உத்தரவு இடலாம். இதை நான் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். பிரவுசருக்கு இந்த உத்தரவைப் போட்டுவிட்டால், அடுத்த வாரம் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதியில் திரை அணையும்; அதற்குள் உத்தரவு போட்டதே நினைவில் இருக்காது. கட்டளையை வேறெதுவும் சேர்க்காமல் கொடுத்தால் இதுவரை போட்ட உத்தரவுகள் தெரியும். ப்ராசஸ் என்ற சொல்லையும் நிரலின் பெயரையும் மட்டும் எழுதி, கோரிக்கையின் வகையை விட்டுவிட்டால் அந்த உத்தரவு நீங்கும். நீக்குவதற்கென்று தெளிவான சொல் ஒன்றை வைக்காமல், எழுதாமல் விடுவதே நீக்குவது என்று அமைத்திருப்பது புதியவர்களைக் குழப்பும். இந்தக் கருவியில் எனக்கு மனம் ஒப்பாத இடங்களில் இதுவும் ஒன்று.

இனி, எல்லாத் தலைப்புகளின் கீழும் ‘நன்’ என்றே வந்தும் திரை அணையவில்லை என்றால் என்ன பொருள்? பலர் இங்கே கருவி பயனற்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அதுவும் ஒரு மதிப்புள்ள பதில். எந்த மென்பொருளும் முறைப்படி கோரிக்கை வைத்து நிலையாகப் பிடித்துவைக்கவில்லை என்பது அதனால் தெரிகிறது. மீதி இருக்கும் வாய்ப்புகள் சில மட்டுமே. சில நிரல்கள் நிலையான கோரிக்கை வைக்காமல், காத்திருப்பு நேரக் கணக்கை அவ்வப்போது பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அவை பட்டியலில் சிக்குவதில்லை. மவுஸ் அசைந்ததுபோல் பொய்யாகக் காட்டும் நிரல்களும் அப்படியே. அவற்றைவிட அதிகமாகக் காணப்படுவது உண்மையான மவுஸின் பொய்யான அசைவு. கண்ணாடி மேசையிலோ பளபளப்பான பரப்பிலோ வைத்த ஆப்டிகல் மவுஸ், யாரும் தொடாதபோதே ஒரு புள்ளி இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டிருக்கும். உற்றுப் பார்த்தாலொழிய சுட்டியின் அந்த நடுக்கம் கண்ணில் படாது. வரைபலகை மீது கிடக்கும் பேனாவும், நடுநிலைக்கு வராத ஜாய்ஸ்டிக்கும் இதே வேலையைச் செய்யக்கூடும். காத்திருப்பு நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொண்டு, மவுஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். பிறகு மற்ற யுஎஸ்பி கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எது குற்றவாளி என்று விரைவில் தெரிந்துவிடும்.

திரை கறுத்து, ஓரிரு நொடியில் மீண்டும் ஒளிர்ந்தால் கதை வேறு. அப்போது விண்டோஸ் தன் கடமையைச் செய்துவிட்டது, தடுமாறுவது மானிட்டர். உறங்கச் சொல்லும் முறையே எளிமையானது: திரைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் வெசா அமைப்பு 1993-இல் கொண்டுவந்த டிபிஎம்எஸ் நெறிப்படி, பழைய விஜிஏ இணைப்பில் கிடைமட்ட, செங்குத்து ஒத்திசைவுச் சைகைகளை நிறுத்தினால் மானிட்டர் உறங்க வேண்டும். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இணைப்புகளிலும் படச் சைகையை நிறுத்துவதே அறிகுறி. சைகை நின்றதும் சில மானிட்டர்கள் வேறு துளையில் ஏதாவது வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குகின்றன. அந்தத் தேடலின்போது டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பு அறுந்து சேர்ந்ததுபோல் கணினிக்குத் தோன்ற, புதிய மானிட்டர் வந்துவிட்டதென்று அது மறுபடி படத்தை அனுப்ப, திரை விழித்துக்கொள்கிறது. மானிட்டரின் சொந்த மெனுவில் ஆட்டோ சோர்ஸ், ஆட்டோ இன்புட் போன்ற பெயரில் இருக்கும் வசதியை நிறுத்தி, நாம் பயன்படுத்தும் துளையை நிலையாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சுழற்சி பெரும்பாலும் நின்றுவிடும். டீப் ஸ்லீப் என்று ஒரு தேர்வு இருந்தால் அதையும் மாற்றிச் சோதிக்கலாம். இவை எதையும் பவர்சிஎஃப்ஜியால் காண முடியாது. கேபிளுக்கு அப்பால் நடப்பது அதன் எல்லைக்கு வெளியே.

கறுத்த திரையெல்லாம் உறங்கும் திரை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்கிரீன்சேவரில் பிளாங்க் என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் திரை கறுப்பாகத் தெரிந்தாலும் எல்சிடியின் பின்னொளி எரிந்துகொண்டேதான் இருக்கும். இருட்டில் பார்த்தால் சாம்பல் மினுக்கம் தெரியும். மானிட்டரின் விளக்கும் நிறம் மாறாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இதோ. 27 அங்குல மானிட்டர் 25 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரவில் 12 மணி நேரம் வீணாக எரிந்தால் 0.3 யூனிட், மாதத்துக்கு 9 யூனிட். வீட்டில் ஒரு திரைக்கு இது சிறு தொகைதான். 40 மானிட்டர்கள் உள்ள அலுவலகத்தில் அதுவே மாதம் 360 யூனிட். ஓஎல்இடி மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு மின்கட்டணத்தைவிடப் பெரிய கவலை இருக்கிறது. அசையாத படம் மணிக்கணக்கில் நின்றால் திரையில் தடம் பதிய வாய்ப்புண்டு. அதைத் தணிப்பதற்கான பிக்சல் சீரமைப்பு வேலையைப் பல மாடல்கள் காத்திருப்பு நிலைக்குப் போன பிறகுதான் தொடங்குகின்றன. உறங்காத ஓஎல்இடி அந்தப் பராமரிப்பைத் தவறவிடுகிறது.

மேக் கணினியில் பிஎம்செட் என்ற கட்டளை அசெர்ஷன்ஸ் என்ற பெயரில் இதே வகைப் பட்டியலைத் தருகிறது. இரண்டுமே கறுப்புப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் என் மனக்குறை. எந்தச் செயலி எவ்வளவு பேட்டரி தின்கிறது என்று செட்டிங்ஸில் அழகாகக் காட்டும் விண்டோஸ், எந்தச் செயலி திரையை அணைய விடவில்லை என்பதையும் அதே பக்கத்தில் காட்டியிருக்க வேண்டும். கட்டளை தட்டத் தெரியாதவர்களுக்கும் திரை அணையாத தொல்லை உண்டு.

அடுத்த குறை, இந்தப் பட்டியல் அந்தக் கணத்தை மட்டுமே காட்டும் என்பது. எனர்ஜி என்ற துணைக்கட்டளை 60 நொடி கவனித்து ஓர் அறிக்கை தருகிறது. நள்ளிரவில் மட்டும் தலைகாட்டும் நிரலைப் பிடிக்க அதுவும் போதாது. அப்படிப்பட்ட சிக்கலுக்கு டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை அமைத்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரிக்வெஸ்ட்ஸ் கட்டளையை ஓட்டி, நேரத்தோடு சேர்த்து விடையை ஓர் உரைக்கோப்பின் இறுதியில் ஒட்டிக்கொண்டே வரச் செய்யலாம். காலையில் கோப்பைத் திறந்து, டிஸ்ப்ளேயின் கீழ் ‘நன்’ இல்லாத இடங்களை மட்டும் தேடினால், எத்தனை மணிக்கு எந்த நிரல் திரையைப் பிடித்துவைத்திருந்தது என்பது பெயரோடு கிடைத்துவிடும்.