பாதியில் தோற்ற விண்டோஸ் அப்டேட்: பழைய லெப்டொப்பைப் போர்மட் இல்லாமல் மீட்ட அனுபவம்

விண்டோஸ் அப்டேட் தோற்று, 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று காட்டிப் பழைய நிலைக்குத் திரும்பிய லெப்டொப்பை டவுனுக்குக் கொண்டுபோனால் அநேகமாகக் கிடைக்கும் பதில், "போர்மட் பண்ணிருவோம்" என்பதுதான். அதாவது டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் சிலர் அதற்குச் சம்மதித்து எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் தட்டச்சுச் செய்த தவணை வினாத்தாள்கள், தரம் 5 புலமைப்பரிசில் பயிற்சித் தாள்கள், தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன்கள் என்று எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் பக்கம் ஒரு லெப்டொப் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதாக இருப்பதில்லை. லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) எந்த வீட்டில் அது இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்ப வருவார்கள். அதனால் போர்மட் கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

அப்படி நான் மீட்ட என் மெஷின், 2012 காலத்து மூன்றாம் தலைமுறை ஐ5. 4 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2017இல் பாவித்த மெஷினாக, விண்டோஸ் 7உடன் வாங்கினேன். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தபோது, பழையதை அழிக்காமல் அதன் மேலேயே விண்டோஸ் 10இன் 1909 பதிப்பை ஏற்றினேன். கொரோனா காலத்து ஒன்லைன் வகுப்புகள் எல்லாம் அதில்தான் நடந்தன. பிறகு 2022 மின்வெட்டு. அந்த மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் லெப்டொப்பின் பெட்டரி செத்துவிட்டது. சார்ஜரைக் கழற்றினால் அடுத்த நொடி அணைந்துவிடும்.

ஹட்டனுக்கு மேலே, எங்கள் குவாட்டர்ஸில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு ஜன்னலோரத்தில். டொங்கிளை (சிம் போட்டு இணையம் எடுக்கும் சிறு கருவி) அங்கே வைத்து, நள்ளிரவுக்குப் பிறகான நைட் டேட்டாவில்தான் பெரிய கோப்புகளை இறக்குவோம். டேட்டாவைக் காப்பாற்ற இணைப்பை 'மீட்டர்ட்' (அளவோடு பாவிக்கும் இணைப்பு) என்று குறித்து வைத்திருந்ததால் மெஷின் 1909இலேயே நின்றுவிட்டது. அந்தப் பதிப்பின் ஹோம், ப்ரோ இரண்டுக்கும் பாதுகாப்பு அப்டேட் 2021 மே 11உடன் நின்றது. விண்டோஸ் 10 முழுவதற்குமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 வரைதான் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெற ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர மெஷினில் 22எச்2 பதிப்பு இருந்தாக வேண்டும். ஆகவே 1909இலிருந்து 22எச்2க்கு ஏறியே ஆகவேண்டிய நிலை.

முதலில் கிடைத்தது 80072எஃப்8எஃப் என்ற எண். (எண்களுக்கு முன்னால் வரும் பூச்சியத்தையும் எக்ஸையும் விட்டு எழுதுகிறேன்.) போனில் இணையம் வேலை செய்தது, லெப்டொப்பில் மட்டும் பல தளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று மறுத்தன. திரையின் வலது மூலையைப் பார்த்தால் திகதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. அப்டேட் சர்வருடன் பேசும்போது அதன் சான்றிதழ் இன்றைய திகதியில் செல்லுபடியாகுமா என்று விண்டோஸ் பார்க்கும். மெஷினின் கடிகாரமே பிழை என்றால் எல்லாச் சான்றிதழும் பிழையாகத்தான் தெரியும். மதர்போர்டில் நாணய வடிவில் இருக்கும் சிஆர்2032 பெட்டரி தீர்ந்ததுதான் காரணம். பெரிய பெட்டரி நன்றாக இருக்கும்வரை இந்தச் சிறிய பெட்டரி போனது தெரியாது. எங்கள் மெஷினில் பெரியதும் இல்லாததால், ஒவ்வொரு மின்தடைக்கும் கடிகாரம் பழைய காலத்துக்கு ஓடியது. சில நூறு ரூபா வேலை இது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் பழைய லெப்டொப் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் திகதியைப் பாருங்கள்.

அடுத்தது டிஸ்க். இங்கே கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் அப்டேட் தோற்பதை மென்பொருள் சிக்கலாகவே பலரும் பார்க்கிறார்கள். பதிப்பு அப்டேட் என்பது சிறு திருத்தம் அல்ல. விண்டோஸ் தன்னைப் பக்கத்தில் புதிதாக எழுதி, பழையதை 'விண்டோஸ் ஓல்ட்' என்ற கோப்புறைக்கு நகர்த்தி, அமைப்புகளையும் மென்பொருள்களையும் புதியதற்குள் கொண்டுவரும். பல ஜிபி எழுதவும் வாசிக்கவும் வேண்டும். நாளாந்தப் பாவனையில் தொடாத இடங்களையெல்லாம் அன்றைக்கு டிஸ்க் தொடும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் 'கோஷன்' (எச்சரிக்கை) என்று வந்தது. 'கரண்ட் பெண்டிங் செக்டர்' வரியில் பூச்சியம் இல்லை. வாசிக்க முடியாமல், மாற்று இடத்துக்குக் காத்திருக்கும் துண்டுகளின் கணக்கு அது.

இந்த நிலையில் டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் 'செக்டிஸ்க்' கட்டளையை ஓட்டச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். பிரதி எடுப்பதற்கு முன் அதைச் செய்யக்கூடாது என்பது என் கருத்து. சாகப்போகிற டிஸ்க்கை முழுவதும் வாசிக்கவைப்பது அதன் கடைசி நாட்களைத் தின்றுவிடும். நான் முதலில் வினாத்தாள் கோப்புறைகளையும் படங்களையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்தேன். பிறகு டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கும் குளோன்சில்லா என்ற மென்பொருளை பென் டிரைவிலிருந்து ஓட்டி, வாசிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போகும் 'ரெஸ்கியூ' தெரிவோடு, முழு டிஸ்க்கையும் 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றுக்கு மாற்றினேன். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. குளோன்சில்லா சாதாரணமாக அதை ஏற்காது. பிரதி முடிந்து, புது டிஸ்க்கில் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' ஓட்டிச் சேதமான விண்டோஸ் கோப்புகளைச் சரிப்படுத்தினேன். மெஷினைத் திறந்த கையோடு ராமையும் 8 ஜிபி ஆக்கி, அதன் தங்க நிறத் தொடுமுனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்துவிட்டேன். ஆடி மாதத்து ஈரத்தில் எங்கள் பக்கம் புத்தகமே பூஞ்சணம் பிடிக்கும்.

எஸ்எஸ்டி போட்டதும் மெஷின் வேறு மெஷினாகிவிட்டது. இயங்கத் தொடங்கும் நேரத்துக்குள் தேநீர் ஊற்றி முடித்த காலம் போய்விட்டது. பழைய கணினிக்குச் செலவழிக்க ஒரே ஒரு முறைதான் காசு இருக்கிறது என்றால், எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள்.

அப்டேட்டை விண்டோஸ் அப்டேட் பக்கம் வழியாக இறக்கவில்லை. மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து 22எச்2 ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் நிறுவலை ஒரே கோப்பாக அடக்கியது), ஏறத்தாழ 6 ஜிபி, டவுன்லோட் மெனேஜர் வைத்து நைட் டேட்டாவில் இறக்கினேன். அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். விண்டோஸ் 10இல் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கினாலே டிரைவ் போலத் திறக்கும். உள்ளே 'செட்அப்'பை ஓட்டலாம். 'இப்போது அப்டேட் இறக்க வேண்டாம்' என்பதையும் 'கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்' என்பதையும் தெரிவு செய்ய வேண்டும். இதன் பெரிய நன்மை, ஒருவர் இறக்கிய கோப்பு பத்து வீட்டுக்கு உதவும். எங்கள் பாடசாலையில் அந்த ஐஎஸ்ஓ பென் டிரைவில் கைமாறிக்கொண்டே இருந்தது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஃபெட்32 என்ற வடிவில் போர்மட் செய்த பென் டிரைவ் ஏற்காது. எக்ஸ்ஃபெட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் ஏறவில்லை. இரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆகி, மீண்டும் 'அன்டூயிங் சேஞ்சஸ்'. திரும்பி வந்தபோது கிடைத்த எண் சி1900101 - 30018.

பொதுவாக இந்த எண்ணைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். அதில் இருப்பது இரண்டு தகவல். சி1900101 என்றால் பெரும்பாலும் டிரைவர் (சாதனங்களை விண்டோஸுடன் பேசவைக்கும் மென்பொருள்) சிக்கல். இரண்டாவது எண்ணின் முதல் இலக்கம் எந்தக் கட்டத்தில் தோற்றது என்பதைச் சொல்லும். 1 என்றால் பழைய விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே. 2 என்றால் இடைநிலையில் ஓடும் சிறிய விண்டோஸில். 3 என்றால் புதிய விண்டோஸ் முதல் தடவை எழும்பும்போது. 4 என்றால் அதற்கும் அடுத்த கட்டத்தில். எங்களுடையது 3. புது விண்டோஸ் எழும்பி, சாதனங்களைத் தேடும்போது ஏதோ ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது. விரிவான விபரம் வேண்டுமென்றால் 'பாந்தர்' கோப்புறையில் 'செட்அப்எர்' என்ற பதிவுக் கோப்பு இருக்கும். அதை வாசித்துச் சுருக்கமாகச் சொல்லும் 'செட்அப்டயக்' என்ற கருவியையும் மைக்ரோசொப்டே இலவசமாகத் தருகிறது.

எங்கள் விடயத்தில் அது டொங்கிள். பல ஆண்டுகளுக்கு முன் அதனுடன் வந்த மென்பொருள் தன் டிரைவர்களை விண்டோஸ் 7 காலத்திலேயே போட்டு வைத்திருந்தது. அந்த மென்பொருளை நீக்கி, டொங்கிள், பிரிண்டர், எல்லாவற்றையும் கழற்றி, மவுஸை மட்டும் விட்டேன். விண்டோஸுடன் வருவதைத் தவிர மற்றைய அன்டிவைரஸையும் நீக்கினேன். அடுத்த ஓட்டத்தில் 30018 போய்விட்டது, 'சிஸ்டம் ரிசேர்வ்ட் பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை' என்ற செய்தி வந்தது.

விண்டோஸ் 7 தன் காலத்தில் டிஸ்க்கின் முன்பக்கத்தில் 100 எம்பி அளவில் ஒரு தனிப் பகுதியை ஒதுக்கும். அழிக்காமல் மேலே மேலே ஏற்றிய மெஷின்களில் அதே 100 எம்பி அப்படியே இருக்கும். எழும்பும் திரைக்கான எழுத்துருக்கள், வேண்டாத மொழிக் கோப்புறைகள் என்று அது நிறைந்துவிடும். மைக்ரோசொப்ட் சொல்லும் தீர்வு, அந்தப் பகுதிக்குத் தற்காலிகமாக ஓர் எழுத்துப் பெயர் கொடுத்து, உள்ளே 'பூட்' கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபொன்ட்ஸ்' கோப்புகளை நீக்குவது. இதைச் செய்யும்போது ஒரே ஓர் எச்சரிக்கை. பாமினி என்ற தமிழ் எழுத்துரு இருக்கும் 'ஃபொன்ட்ஸ்' கோப்புறை சி டிரைவில் 'விண்டோஸ்' உள்ளே இருப்பது, அதைத் தொடக்கூடாது. இலங்கையில் தமிழ் வினாத்தாள்கள் எத்தனையோ பாமினியில்தான் தட்டச்சாகின்றன. அந்த எழுத்துரு போனால் கோப்பு திறக்கும், ஆனால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரும்.

அதற்குப் பிறகு ஏறிவிட்டது. காலையில் தொடங்கினேன், ஏனென்றால் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் எங்கள் மலையில் இடி பின்னேரத்தில்தான் வரும். தொடங்குவதற்கு முன் புது பெட்டரியும் போட்டுவிட்டேன். பெட்டரி செத்த லெப்டொப்பில் பதிப்பு அப்டேட் செய்யவே கூடாது. பெட்டரி வாங்க முடியாவிட்டால் யுபிஎஸ் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

அதன்பின் ஒரு முழு மழைக்காலம் தாண்டி இந்த மெஷினைப் பாவித்துவிட்டேன். வேர்ட், பிடிஎஃப், சூம் வகுப்பு மூன்றும் தடையில்லை. பிரௌசரில் நிறைய டெப் திறந்தால் 8 ஜிபியும் போதாமல் போகிறது. கைரேகை வாசிப்பான் 22எச்2க்குப் பிறகு வேலை செய்யவில்லை. அதைத் தேடிப் போகவும் இல்லை. மாதாந்த அப்டேட்கள் தோற்காமல் ஏறுகின்றன. முன்னர் சொன்ன, 2026 ஒக்டோபர் வரையான பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர, மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை பெக்கப் செய்ய இணங்கினால் காசு இல்லை. இல்லாவிட்டால் 30 டொலர். நான் காசில்லாத வழியில் சேர்ந்தேன்.

விண்டோஸ் 11 பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை வேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றும் வழிகள் இருக்கின்றன. ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்டே சொல்கிறது. அப்டேட்டுக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு அங்கே போக எனக்கு மனமில்லை.

சென்ற தவணையில் ஒரு ஆசிரியை வந்தார். "சேர், அப்டேட் ஏறல்ல. கடையில போர்மட் பண்ணணும்னு சொல்றாங்க."

"திரையில வந்த நம்பர எழுதி வச்சிருக்கீங்களா டீச்சர்?"

எழுதி வைத்திருந்தார். 80070070. டிஸ்க்கில் இடம் இல்லை, அவ்வளவுதான். பிள்ளைகளின் கலைவிழா வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றியதும் அன்றைக்கே ஏறிவிட்டது. இன்னொருவருடையது 2 ஜிபி ராமுடன் இன்னும் பழையது. அதற்கு விண்டோஸே பாரம். கோப்புகளைப் பிரதி எடுத்தபின் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22இன், பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. பாமினி எழுத்துருக் கோப்பைப் பிரதி செய்து வைத்ததும் லிப்ரே ஒபிஸில் அவருடைய வினாத்தாள்கள் திறந்தன. சில அட்டவணைகளின் கோடுகள் மட்டும் நகர்ந்திருந்தன.

2026 ஒக்டோபருக்குப் பிறகு என் மெஷினும் அதே மின்ட்டுக்குப் போகும். அதற்கு முன் பாமினியில் இருக்கும் வினாத்தாள்களை, தனி எழுத்துரு இல்லாமலே எங்கும் தமிழாகத் தெரியும் யுனிகோட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தரம் 5 முடிந்துவிட்டது, சாதாரண தர வரலாறு பாதியில் இருக்கிறது.