முதல் உலைக்குப் பழைய கருவிகள்: உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஓராண்டு

கொல்லுவேலையைக் குடும்பத் தொழிலாகப் பெறாத ஒருவர், இருபது வயதில், கையில் சில ஆயிரம் ரூபாயுடன் அதைக் கற்கத் தொடங்கினால் கருவிகளுக்கு எங்கே போவது என்பதுதான் முதல் தடையாக நிற்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் இரும்புப் பாளமான அடைகல் புதிதாக, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் புதிதாக, உலைக்குக் காற்றூத மின்சாரத்தில் ஓடும் ஊதுபொறி என்று வாங்கத் தொடங்கினால் முதல் ஆணியை அடிப்பதற்கு முன்பே அரை லட்சத்தை நெருங்கிவிடலாம். கிணத்துக்கடவிலிருந்து கோவைக்குப் படிக்க வரும் நான், கடந்த ஓராண்டாக உக்கடம் பகுதியில் உள்ள பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி என் சிறிய பட்டறையை அமைத்துக்கொண்டேன். அந்தக் கடைகள் ஒரு தொடக்கக்காரருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பேருந்துகள் புறப்படும் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே இக்கடைகள் இருக்கின்றன. கோவை பஞ்சாலைகளும் வார்ப்பாலைகளும் மோட்டார் பம்பு செய்யும் பட்டறைகளும் நிறைந்த ஊர். ஓர் ஆலை மூடப்பட்டாலோ ஒரு லேத் பட்டறை கைமாறினாலோ அங்கே புழங்கிய சுத்தியல், வைஸ், அரம், குறடு எல்லாம் எடைக்கணக்கில் விலையாகி இத்தகைய கடைகளுக்கு வந்து சேர்கின்றன. உழைத்துப் பழகிய நல்ல கருவியும் உருக்குவதற்குப் போக வேண்டிய உடைசலும் ஒரே குவியலில் கிடப்பதால், வாங்குபவரின் கண்ணும் கையும்தான் தரம் பிரிக்க வேண்டும்.

என் முதல் கொள்முதலில் நான் தோற்றேன். ஒரு கடையில், கடைக்காரர்கள் பட்டறைக்கல் என்று சொல்லும் அடைகல் ஒன்று, கூம்பு போல் நீண்ட கொம்பும் அடிப்பதற்கான தட்டையான முகமும் அமைந்து, புது வண்ணம் பூசப்பட்டு நின்றது. முப்பத்திரண்டு கிலோ; கிலோ 130 ரூபாய். வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றாமல் 4,160 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் முகத்தின் ஓரம் இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், மணல் போல் சொரசொரப்பாக இருந்தது. அது உருக்கன்று, வெறும் வார்ப்பிரும்பு. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அதையே பழைய இரும்பாக விற்றபோது எனக்குக் கிடைத்தது 960 ரூபாய். நான் எண்ணிக் கொடுத்தது பகுதி நேர வேலையில் நான்கு மாதம் சேர்த்த பணம் என்பதால், இன்னொருவருக்கு இது நேரக் கூடாது என்று மனமாரக் கருதி, பின்னர் நான் கற்றுக்கொண்ட சோதனைகளைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் அங்குல விட்டமுள்ள பேரிங் குண்டு ஒன்றைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். அடைகல்லின் முகத்துக்குப் பத்து அங்குல உயரத்திலிருந்து அதைக் கையால் தள்ளாமல் விழ விடுங்கள். கடினமாக்கப்பட்ட நல்ல உருக்கு முகமாக இருந்தால் குண்டு ஏழு, எட்டு அங்குலம் வரை எழும்பும்; வார்ப்பிரும்பாக இருந்தால் சோர்ந்து அதில் பாதிகூட எழாது. முகத்தின் நடுவில் மட்டும் பார்க்காமல் ஓரங்களிலும் கொம்பின் அடியிலும் பார்க்க வேண்டும், ஏனெனில் உள்ளே விரிசல் ஓடியிருந்தால் அந்த இடத்தில் எழுச்சி திடீரெனக் குறையும். அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் அடிப்பகுதியில் அரத்தால் நாலு முறை தேய்த்துத் துகளைப் பாருங்கள். வார்ப்பிரும்பின் துகள் பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் கரி போல் ஒட்டும். முகத்திலோ அரம் கடிக்காமல் வழுக்க வேண்டும். எளிதாகக் கடித்தால் முகம் மென்மையானது என்று பொருள். சுத்தியலால் தட்டி ஓசை கேட்கும் வழக்கமும் உண்டு, ஆனால் தரையில் மற்ற இரும்புகளோடு நெருங்கிக் கிடக்கும் நல்ல கல்லும் மந்தமாகவே ஒலிக்கும் என்பதால் ஓசையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இந்தச் சோதனைகளைச் செய்ய விடுகிறாரா என்பதை வைத்தே நான் இப்போது கடைகளை மதிப்பிடுகிறேன். சிலர் "சின்னப் பையன், விளையாட வந்திருக்கான்" என்று முகம் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் நான் இப்போது வாடிக்கையாகப் போகும் கடையின் பெரியவர், குண்டை வெளியே எடுத்ததும் தாமே குனிந்து ஒரு கல்லின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு, "அடிச்சே பாருங்க தம்பி, உடைஞ்சா என் காசு" என்றார். அந்தக் கல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. பக்கவாட்டில் 1, 0, 14 என்று மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பழைய ஆங்கிலேய எடைக் குறிப்பில் முதல் எண் 112 பவுண்டு கொண்ட அந்தர், இரண்டாவது அதன் கால் பங்கான 28 பவுண்டு, மூன்றாவது உதிரிப் பவுண்டு. ஆக 126 பவுண்டு, ஏறக்குறைய 57 கிலோ. குண்டு எட்டு அங்குலத்துக்கு மேல் துள்ளியது. அவர் கேட்ட விலை 14,000 ரூபாய். அது நியாயமான விலையே என்றாலும் என் கைக்கு எட்டவில்லை. "இது வேணாம் பாய், எனக்குத் தகுந்த மாதிரி ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டபோதுதான் அவர் தண்டவாளத் துண்டைக் காட்டினார்.

இளம் தொடக்கக்காரர்களுக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது இதைத்தான். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் நாற்பது சென்டிமீட்டர் நீளம் வாங்கினேன், 20.8 கிலோ, கிலோ 65 ரூபாய் வீதம் 1,352 ரூபாய். தண்டவாளத்தைப் படுக்க வைத்து அடித்தால் நடுவிலுள்ள மெல்லிய பகுதி அதிர்ந்து அடியின் வலுவைத் தின்றுவிடும். நட்டுக்குத்தாக நிறுத்தி, புளியங்கட்டையில் குழி தோண்டி இறுக்கிவிட்டால் முழு எடையும் சுத்தியலுக்கு நேர் கீழே வந்துவிடுகிறது. முகம் சிறியதுதான், ஆனால் ஒரு கிலோ சுத்தியலின் கீழ் ஒரு நேரத்தில் அடிபடும் இடமும் அதைவிடச் சிறியதே.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ரயில்வேக்குச் சொந்தமான இரும்பைத் திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்கத்தக்க நிலையில் வைத்திருந்தால், 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ரயில்வே ஏலத்தில் எடுத்ததற்கான தாளைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்து, உங்கள் பெயருக்கு ரசீது வாங்குங்கள். தாள் இல்லை என்பவரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். பெரியவர் கேட்காமலேயே தாளின் நகலைக் கொடுத்தார்.

வைஸ் விஷயத்தில் இக்கடைகளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். மேசையில் பொருத்தும் சாதாரண வைஸ் வார்ப்பிரும்பால் ஆனது. காய்ந்த இரும்பை அதில் பிடித்து ஓங்கி அடித்தால் ஒரு நாள் உடையும். கொல்லர்களுக்கு ஏற்றது தரைவரை கால் நீண்டிருக்கும் கால் வைஸ். அடித்துச் செய்யப்பட்ட இரும்பு என்பதாலும், அடியின் வேகம் கால் வழியே தரைக்கு இறங்கிவிடுவதாலும் அது தலைமுறைகள் தாங்கும். நான்கு அங்குல வாயுள்ள ஒன்று 1,900 ரூபாய்க்குக் கிடைத்தது. வாயைத் திறக்கச் செய்யும் ஸ்பிரிங் இல்லை, ஆனால் அதை நாமே ஒரு பட்டையை வளைத்துச் செய்துகொள்ளலாம். பார்க்க வேண்டியது திருகை மட்டுமே. கடைசிவரை திறந்து, மரைகள் கத்தி முனை போல் தேய்ந்திருக்கின்றனவா, அவை ஓடும் பெட்டி வழுக்குகிறதா என்று பாருங்கள். திருகு போனால் வைஸே போயிற்று.

சுத்தியல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ எடையில் ஒன்று, அரைக் கிலோவில் ஒன்று, இரண்டும் சேர்ந்து 430 ரூபாய். தலையில் விரிசல் இல்லாமல் இருந்தால் போதும். பிதுங்கிய விளிம்பைக் கிரைண்டரில் தேய்த்து உருட்டிவிட்டுக் கருவேலங்காம்பு போட்டுக்கொண்டேன். குறடுகள் மூன்று, ஒவ்வொன்றும் 120 ரூபாய். வாய் பொருந்தாத குறடு என்று விலை குறைத்துக் கொடுத்தார்கள். பிடிக்க வேண்டிய கம்பியின் கனத்துக்கு அந்த வாயைச் சிவக்கக் காய்ச்சி அடித்துச் சரிசெய்வதே எனக்கு நல்ல முதல் பயிற்சியாக அமைந்தது.

சாலையோரம் கூடாரமிட்டு அரிவாள் அடிக்கும் வட மாநிலக் குடும்பங்களிடம் பார்த்திருப்பீர்களே, கையால் சுற்றும் அந்த ஊதுபொறி, 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். வேகமாகச் சுற்றிக் கைவிட்டால் விசிறி சில சுற்றுகளாவது தானே ஓட வேண்டும். கடகடவென்ற ஓசை கேட்டால் பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது. உலைக்கு ஒரு சிறு டெம்போவின் பிரேக் டிரம், பதினான்கு கிலோ, 700 ரூபாய். அதன் உட்புறம் களிமண் பூசி, அடியில் குழாய் பொருத்தி, சிரட்டைக் கரியில் எரிக்கிறேன்.

அடித்துப் பழக லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் கிலோ 55 ரூபாய்க்கு ஆறு கிலோ எடுத்தேன். நம் ஊர் அரிவாள்கள் பலவும் இந்தப் பட்டையிலிருந்து பிறப்பவைதாம். ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கக்கூடும். ஒரு துண்டை வெட்டிக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே கொண்டுபோய், எண்ணெயில் தோய்த்து, துணியில் சுற்றி உடைத்துப் பார்த்துவிடுங்கள். உடைந்த முகம் ஒரே சீராக, நெருக்கமான நுண்மணிகளாக இருந்தால் அந்தப் பட்டையை நம்பலாம். இடையில் கருத்த கோடு தெரிந்தால் அது பழைய வெடிப்பு. வெள்ளி போல் மினுங்கும் துத்தநாகப் பூச்சுள்ள குழாயையும் கம்பியையும் கடைக்காரர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் உலையில் வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

பழையதாக வாங்கக் கூடாதவையும் உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, கிரைண்டர் சக்கரம் ஆகிய மூன்றையும் நான் புதிதாகவே வாங்கினேன். எங்கே விழுந்து எப்படி விரிசல் கண்டது என்று தெரியாத சக்கரம் சுழலும்போது வெடித்துச் சிதறக்கூடும். குவியலில் பத்து ரூபாய்க்குக் கிடக்கிறதே என்று அதை எடுக்கும் தம்பிகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

இவை நீங்கலாக, உலை, ஊதுபொறி, அடிக்கும் கல், வைஸ், சுத்தியல், குறடு, பட்டை என எல்லாமாக 6,572 ரூபாய் ஆயிற்று. முதல் கல்லில் இழந்த 3,200 ரூபாயை இதில் சேர்க்கவில்லை.

கடைகளின் குறைகளையும் சொல்ல வேண்டும். எதற்கும் எழுதிய விலை கிடையாது. என் வயதைப் பார்த்து இரட்டிப்பு சொன்னவர்களும் உண்டு. சேறும் துருவும் அப்பிய பொருளை அப்படியே தராசில் வைப்பார்கள். தட்டிச் சுத்தம் செய்த பிறகு எடை போடச் சொல்லுங்கள். வாங்கியதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. தண்டவாளத்தைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்ற, லக்கேஜ் டிக்கெட் போட்டும் இரண்டு நடத்துநர்கள் மறுத்து, மூன்றாவது வண்டியில்தான் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் அடைத்திருக்கும். வார நாள்களில் காலை பத்து மணிக்குப் போனால் கூட்டம் சேர்வதற்கு முன் குவியலைப் பொறுமையாகக் கிளறலாம்.

இன்னும் எனக்கு வளைவுகள் அடிக்க ஒரு கொம்பு வேண்டும். மூடப்பட்ட ஆலை ஒன்றின் பழுதுபார்க்கும் கூடத்துச் சாமான்கள் அடுத்த மாதம் வரவிருப்பதாகவும், அதில் கொம்புள்ள சிறு கல் ஒன்று இருப்பதாகவும் பெரியவர் சொல்லியிருக்கிறார். விலை பேசவில்லை. வந்தவுடன் குண்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.